தங்கப் பாலத்தில் மூன்று பேர்

அன்புள்ள பாப்பா,

கல்யாணப் பத்திரிகையில் உன் பெயரைப் பட்டத்தோடு முழுசாக அச்சிட்டிருக்கிறார்கள். அதை நாலைந்து முறை தடவிப் பார்த்த பிறகும் எனக்கு நீ பாப்பாதான். நேற்று போனில், பாலத்துப் படத்தை ஃபிரேம் போட்டாச்சா என்று கேட்டாய். போட்டாச்சு என்றேன். எங்கே மாட்டியிருக்கிறாய் என்று கேட்டாய். கூடத்தில்தான் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாப்பிள்ளையின் சட்டை அளவுக்குத் திருப்பினேன். அந்தப் படம் கூடத்தில் எதற்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது என்பதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் வரும். நான் பேச வேண்டியதையெல்லாம் எழுதியே பழகியவள் என்பது உனக்குத் தெரியும். நம் திண்டிவனம் நூலகத்தில் வாசகர் வட்டம் மாதம் ஒருவரைக் கட்டுரை வாசிக்கச் சொல்கிறது. இந்த மாதம் என் முறை. வியட்நாம் பயணக் கட்டுரை என்று பெயர் கொடுத்துவிட்டு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே அது உனக்கு எழுதும் கடிதமாகிவிட்டது. சரி, இதையே வாசிக்கிறேன். அங்கே இருக்கிறவர்களும் கேட்கட்டும்.

முதலில் உன் அப்பாவுக்கும் அந்தப் பாலத்துக்கும் இருந்த சம்பந்தத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்குத் தெரியாதே. நீ கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அவர் போனுக்கு ஒரு படம் வந்தது. வியட்நாமில் ஒரு மலை உச்சியில் காட்டுக்கு மேலே வளைந்து போகும் பொன்னிறப் பாலம். அதை மண்ணுக்குள்ளிருந்து முளைத்த இரண்டு பெரிய கைகள் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. முப்பது வருடம் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே பஸ் ஓட்டியவர் அவர். வழியில் எந்தச் சிறுபாலம் எந்த மழையில் இறங்கும் என்று மனப்பாடமாகச் சொல்வார். அவர் அந்தப் படத்தை டிப்போ டீக்கடையில் காட்டியிருக்கிறார். கூட இருந்த கண்டக்டர் பார்த்துவிட்டு, "இதெல்லாம் கம்ப்யூட்டர்ல பண்ணதுய்யா. கை வந்து பாலத்தைப் புடிச்சிக்கினு நிக்குமா? நீயும் நம்பிக்கினு கீற" என்று சொல்லிவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். "உம் பொண்ணு கூட்டிக்கினு போவா, போய் கையைத் தொட்டுப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அன்று முதல் அவர் போனைத் திறந்தால் அந்தப் பாலம்தான். நீ அதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாய். வேலைக்குப் போய், கல்யாணம் முடிவாகி, தாலி ஏறுவதற்கு முன்னால் உங்கள் இருவரையும் ஒரு இடத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்று நீ சொன்னபோது, எந்த இடம் என்று அவர் கேட்கவே இல்லை. போனைத் திறந்து மேசைமேல் வைத்தார்.

பாஸ்போர்ட் எடுக்கும்போது என் படத்தைப் பார்த்து நீ சொன்னது எனக்குக் கொஞ்சம் தைத்தது. "இதுலயாவது நீ தனியா இருக்கியேம்மா" என்றாய். நம் வீட்டு ஆல்பத்தைப் பற்றிச் சொன்னாய் என்று புரிந்தது. நாம் மூன்றே பேர் உள்ள வீடு. மூன்று பேராக நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்கிறவருக்கு ஆகாது என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். இந்தக் காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். நான் ஒருநாளும் சிரித்தது கிடையாது. அதனால் நம் ஆல்பத்தில் எந்தக் குடும்பப் படத்தை எடுத்தாலும் நான்காவதாக யாராவது ஒருவர் நிற்பார். பனமலைக் கோயிலுக்குப் போனபோது அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் வர மாட்டேன் என்று குட்டி ஆட்டை உன் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். ஆட்டையே நான்காக எண்ணிக்கொண்டேன். புதுவீடு புகுந்த படத்தில் பால்காரர் இருக்கிறார். திருவாமாத்தூர் படத்தில் பூக்கடை அம்மா. உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று ஆல்பத்தைப் புரட்டிய உன் வருங்கால மாமியார், "உங்க சைடுல சொந்தக்காரங்க நெறைய போலக்குது" என்றார். உன் அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப் பக்கம் போய்விட்டார். நீ மட்டும் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். நீ எதை நினைத்தாய் என்று எனக்குத் தெரியும்.

நீ பிளஸ் டூவில் மாவட்டத்தில் மூன்றாவதாக வந்தபோது விழுப்புரத்தில் நடந்த விழாவைத்தான் நினைத்தாய். மேடையைவிட்டு இறங்கியதும் பத்திரிகைக்காரர் வந்து, பாப்பாவுக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அம்மா நில்லுங்கள் என்றார். நீ நடுவில். உன் தோளில் சால்வை, கழுத்தில் மெடல். அவர் கேமராவைக் கண்ணுக்கு ஏற்றும்போது நான், தண்ணி பாட்டில் எடுத்துக்கினு வந்துடறேன் என்று சொல்லி விலகிவிட்டேன். அந்த மனிதருக்கு அவசரம். மறுநாள் பேப்பரில் நீயும் அப்பாவும் மட்டும் வந்தீர்கள். காலையிலேயே வளவனூரிலிருந்து உன் அப்பாவின் ஒன்றுவிட்ட அக்கா போன் செய்து, படத்தில் என்னைக் காணோமே, எப்போது நடந்தது, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அழத் தொடங்கிவிட்டார். உன் அப்பா, "அவ இங்கதான் மீன் கழுவிக்கினு கீறாக்கா, குடுக்கவா?" என்று கேட்டார். இதை எத்தனையோ விருந்தில் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஆனால் அன்று நடந்ததில் ஒரு பாதியை மட்டும்தான் சொல்லிச் சிரிப்போம். நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நான் உனக்குத் தலை பின்னும்போது, திரும்பாமலே கேட்டாய். "எம்மேல உனக்குப் பெருமையே இல்லியாம்மா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? தண்ணி எடுக்கத்தான் போனேன் என்றேன். பதினேழு வயதுப் பெண்ணின் அந்தக் கேள்விக்கு நான் கொடுத்த பதில் அது. அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பத்து வருடம் ஓடிவிட்டது. நீ ஒரு வீட்டுக்குப் போகப்போகிறாய். அங்கே யாராவது உன்னிடம் தண்ணி எடுக்கத்தான் போனேன் என்று சொன்னால், அதோடு விட்டுவிடாதே. இன்னொரு முறை கேள். கோபமாகவாவது கேள்.

பயணத்தில் உன்னைப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் நோட்டில் ஊர்களைப் பற்றி எழுதியதைவிட உன்னைப் பற்றி எழுதியதுதான் அதிகம். விமான நிலையத்தில் அதிகாரி உன் அப்பாவிடம் எதையோ கேட்க, அவர் தடுமாறியபோது நீ முன்னால் போய் நிற்கவில்லை. பின்னால் நின்று மெதுவாக எடுத்துக் கொடுத்தாய், அவரே பதில் சொன்னார். அது எனக்கு மிகவும் பிடித்தது. டா நாங் நகரத்துச் சாப்பாட்டுக் கடையில் எனக்குச் சோறும் கீரையும் மட்டும் போதும் என்பதை ஒரு சொல் தெரியாமல் கையாலேயே சொல்லி வாங்கி வந்தாய். நான் கடலை வறுத்துப் பிடித்துக் கொண்டுபோன மல்லாட்டை உருண்டையை ஹோட்டல் பெண்ணுக்குக் கொடுத்து, அவள் பெயரையும் அவள் ஊரையும் தெரிந்துகொண்டாய். பாலம் இருக்கும் பா நா மலைக்கு ரோப் கார் ஏறியதும் உன் அப்பா அந்தக் கண்ணாடிப் பெட்டியை முன்னும் பின்னும் பார்த்து, "இதுக்கு டிரைவர் எங்க குந்திக்கினு கீறான்?" என்றார். டிரைவரே கிடையாது என்று நீ சொன்னதும், இறங்கும்வரை அவர்தான் ஓட்டுவதுபோலக் காலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெட்டியில்தான் நீ அதைக் கேட்டாய். கீழே காடு, வெள்ளைக் கோடாக ஒரு அருவி. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பாலத்தில் நாம் மூன்று பேர் மட்டும் ஒரு படம் எடுக்க வேண்டும், வேறு யாரும் வேண்டாம், இனிமேல் எடுத்தால் மாப்பிள்ளையோடு நான்கு பேராகிவிடுவோம், மூன்று பேராக இருந்தோம் என்பதற்கு நம்மிடம் ஒரு படம்கூட இல்லை என்றாய். உன் அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, எனக்கும் அந்த ஆசைதான் என்றார். நான் குனிந்து கீழே அருவியைப் பார்த்தேன். அப்போது நீ சிரித்துக்கொண்டே, "கேமராவுக்கு எண்ணவாம்மா தெரியும்?" என்றாய். எனக்குக் கை சில்லிட்டுப்போனது. உயரத்துக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்து நீ ஸ்வெட்டரைக் கழற்றி என்மேல் போர்த்தினாய். அது உயரமில்லை, பாப்பா. அந்த வாக்கியம் என்னுடையது. நீ பிறப்பதற்குப் பத்து வருடம் முன்னால் நான் சொன்னது.

உனக்கு ஒரு தாய்மாமன் இருந்தார், சின்ன வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டார் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். மீதியைப் போன வாரம்வரை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. நான் ஒன்பதாவது படித்தேன். கையில் புத்தகம் இல்லாமல் என்னைப் பார்க்க முடியாது. அண்ணன்தான் சைக்கிளில் போய் நூலகத்திலிருந்து எடுத்துவந்து கொடுப்பான். என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவான். அந்த வருடம் பள்ளியில் மூடநம்பிக்கை என்ற தலைப்பில் பேசிப் பரிசு வாங்கியிருந்தேன். பூனை குறுக்கே போவது, பல்லி விழுவது, தும்மல், எல்லாவற்றையும் நோட்டில் வரிசையாக எழுதிவைத்து வீட்டில் ஒவ்வொன்றாக விளக்குவேன். மயிலத்தில் பங்குனி உத்திரத் திருவிழா. மலையும் அருவியும் வரைந்த திரை கட்டி ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணனும் அவன் சிநேகிதர்கள் இரண்டு பேரும் எடுக்கப் போனார்கள். எங்கள் அம்மா, மூணு பேரா நிக்காத என்று கையைப் பிடித்து இழுத்தாள். அண்ணன் என் பக்கம் திரும்பி, "நீ இன்னா சொல்ற டீச்சரம்மா?" என்று கேட்டான். நான் பரிசு வாங்கியவள் இல்லையா. "கேமராவுக்கு எண்ணத் தெரியாதுண்ணா, போய் எடு" என்றேன். கூட்டத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அண்ணன் நடுவில் நின்றான். ஆடிக்குள் அவன் இல்லை.

காமாலைக்கும் கேமராவுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்கு அன்றும் தெரியும், இன்றும் தெரியும். ஊரில் அந்தக் கோடையில் ஒரே கிணற்றுத் தண்ணீர் குடித்த இன்னும் சிலருக்கும் வந்தது. எங்கள் அம்மா சாகும்வரை என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பேன், வாதாடி ஜெயித்திருப்பேன். அவள் சொல்லாததால் வாதாட எனக்கு ஆள் இல்லாமல் போயிற்று. நீ பிறந்த பிறகு, உன்னைத் தூக்கிக்கொண்டு நானும் அப்பாவும் முதன்முதலில் ஸ்டுடியோவில் நின்றபோது, நடுவில் நீ. எனக்கு அறிவெல்லாம் எங்கோ போய்விட்டது. ஸ்டுடியோக்காரர் மகளைக் கூப்பிட்டு நிறுத்தினேன். அப்படித் தொடங்கியதுதான் நம் ஆல்பம். விழுப்புரத்தில் நான் விலகிப் போனதும் அதனால்தான். மெடலோடு நீ நடுவில் நின்றாய். அன்று அந்த அரங்கத்தில் என்னைவிடப் பெருமைப்பட்ட ஒரு ஆள் கிடையாது. பெருமை அதிகமானதால்தான் பயமும் அதிகமானது. இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

மலைமேல் இறங்கினோம், பாலத்தைக் காணோம். ஒரே மூடுபனி. பத்தடிக்கு அப்பால் யாரும் தெரியவில்லை. பொன்னிறக் கைப்பிடியும் ஓரத்தில் ஊதாப் பூக்களும் மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்து மறைந்தன. கைகள் எங்கே என்றே தெரியவில்லை. எனக்குள்ளே ஒரு நிம்மதி வந்ததை மறைக்காமல் சொல்கிறேன். படம் எடுக்க வேண்டியதில்லையே. ஆனால் உன் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அந்த நிம்மதி வெட்கமாகிவிட்டது. அவர் போனைத் திறந்து படத்தையும் எதிரே இருந்த வெள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தக் கண்டக்டரு, தான் சொன்னது சரியாப் போச்சுன்னு சொல்லுவானே" என்றார். நீ அலட்டிக்கொள்ளவில்லை. காபி வாங்கி வந்தாய், இரண்டு மணி நேரமானாலும் இருப்போம் என்றாய். உட்கார இடம் பார்த்துக் கொடுத்தாய். முதலில் ஒரு விரல் தெரிந்தது. பாசி படிந்த, வெடிப்பு ஓடிய பழைய கல் விரல். பிறகு உள்ளங்கை. பனி விலக விலக, கூட்டம் மொத்தமும் போனைத் தூக்கிப் பிடித்தது. உன் அப்பா பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அடி எண்ணி நடந்தார். பாலத் துண்டுகள் சேரும் இடத்தைக் காலால் அழுத்திப் பார்த்து, "ஜாயின்ட் நல்லா போட்டுக்கிறான், தூக்கியே போடலை" என்றார். கை கல் இல்லை, கம்பி வலைமேல் பூசிக் கல்மாதிரி செய்தது, பாரத்தைத் தாங்குவது கீழே உள்ள தூண்கள் என்று நீ சொன்னாய். அவருக்கு வருத்தமாகிவிடுமோ என்று நான் பார்த்தேன். அவரோ, "இருக்கட்டும் பாப்பா. கை இருக்குதுன்னு பாத்தா பயமில்லாம நடக்கத் தோணுதில்ல" என்றார்.

படம் எடுக்க யாரைக் கேட்பது என்று நீ தேடும்போது பின்னாலிருந்து தமிழ் கேட்டது. தலையில் முக்காடு போட்ட ஒரு பெண், கையில் செல்ஃபி குச்சியோடு, தன் வீட்டுக்காரரை ஜல்தி வாங்க என்று அதட்டிக்கொண்டு வந்தார். எந்த ஊர் என்று கேட்டால் கோட்டக்குப்பம். துபாயில் இருக்கிறார்களாம், விடுமுறைக்கு வந்திருக்கிறார்களாம். திண்டிவனம் என்றதும் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்த்ததுபோல உன் போனை வாங்கிக்கொண்டார். நாம் போய் நின்றோம். அவர் போனைத் தூக்கினார், இறக்கினார். "மூணு பேராக்கா நிக்கிறீங்க?" என்று கேட்டார். கடலைத் தாண்டி, மலையேறி, மேகத்துக்குள் வந்து நிற்கிறேன். அங்கேயும் நம் ஊர் வந்து அந்தக் கேள்வியைக் கேட்கிறது. "ஒண்ணும் நெனச்சிக்காதீங்க. எங்க மாமியாருகூட இதைப் பாப்பாங்க. வேணும்னா நான் வந்து ஓரமா நின்னுக்கறேன், எங்க வூட்டுக்காரரு எடுப்பாரு" என்றார். எவ்வளவு நல்ல மனசு. வாழ்நாள் முழுக்க நான் தேடிப் பிடித்த நான்காவது ஆள், அன்று தானாக வந்து நிற்கிறேன் என்கிறார். நீ என்னைப் பார்க்கவில்லை. பாலத்தின் கல் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அன்று தலை பின்னும்போது திரும்பாமல் இருந்தாயே, அதே மாதிரி.

"வேணாம்மா. நாங்க மூணு பேர்தான்" என்றேன்.

நீ திரும்பிப் பார்த்த பார்வையை நோட்டில் எழுத முயன்றேன், வரவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. நீ நடுவில் நின்றிருந்தாய். உன்னை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நான் நடுவில் வந்தேன். நான் நகர்ந்ததைப் பார்த்து உன் அப்பா, நான் உயரம், நான்தான் நடுவில் நிற்க வேண்டும் என்று நுழைந்தார். முப்பது வருடமாக இந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த மனிதர். நீ அவரை இழுத்துவிட்டு மறுபடி நடுவில் வந்தாய். கேமராவுக்கு எண்ணத் தெரியாது என்று சொன்ன பெண் நீ. யாரும் காரணம் சொல்லவில்லை, யாரும் இடத்தை விடவும் இல்லை. பின்னால் ஒரு கொரியக் குடும்பம் பொறுமையாகக் காத்திருந்தது. "ஒரே பேஜாரா கீதே. யாராவது ஒருத்தரு நடுவுல நில்லுங்களேன், திரும்பவும் பனி வந்துகினு கீது பாருங்க" என்று கோட்டக்குப்பத்தம்மா அதட்டினார். நான் நடுவில் நின்றேன். நான் ஓடிப்போய்விடுவேன் என்று பயந்து நீ ஒரு கையையும் உன் அப்பா ஒரு கையையும் பிடித்துக்கொண்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பாப்பா, இன்னும் ஆறு வாரத்தில் உன் கல்யாணம். மேடையில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் நிற்கட்டும், நான் தண்ணி எடுக்கப் போக மாட்டேன். நாளைக்கே நீயும் மாப்பிள்ளையும் ஒரு குழந்தையும் மூன்று பேர் ஆவீர்கள். அப்போது பயம் வரும். பிள்ளை பெற்றவர்களுக்கு வராமல் இருக்காது, படித்தவள் என்றால் வராது என்பதும் இல்லை. வரட்டும். அதற்காகப் பால்காரரைக் கூப்பிடாதே. உங்கள் மூன்று பேர் படத்தை எனக்கு முதலில் அனுப்பு.

எங்கே மாட்டினேன் என்று கேட்டாயே. என் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துக்குள் ஒரு படம் இருந்தது. மலையும் அருவியும் வரைந்த திரைக்கு முன்னால் மூன்று பையன்கள். போன வாரம் அதை எடுத்துத் துடைத்து, விழுப்புரத்தில் கொடுத்து, பாலத்துப் படத்தின் அளவுக்கே ஃபிரேம் போட்டேன். உன் அப்பா ஆணி அடிக்கும்போது, நடுவுல யாரு என்று கேட்டார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து இரண்டு படத்தையும் சமமாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்து நேர்செய்தார். நீ வந்தால் பார். இரண்டிலும் நடுவில் நிற்கிறவர்தான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

உன்
அம்மா